வெயிலில் ஓடிய கறி

மெரேயால் பண்ணை, அபூரே
18 பிப்ரவரி 1973

அன்புள்ள அக்கா ஒப்தூலியாவுக்கு,

தம்பி நிக்கானோர் ஆசி கேட்டு எழுதுவது. இங்கே நானும் வீட்டில் எல்லோரும் நலம், என் குதிரை கனேலோ எங்கள் எல்லோரையும்விட நலம். உன் கால் வீக்கம் வற்றியதா? உன் மகள் மைகுவாலிதா புத்தகத்தைத் தொடுகிறாளா, கண்ணாடி முன்னால்தான் நிற்கிறாளா?

தவக்காலம் வருகிறதே என்று உன் சாப்பாட்டுக் கடைக்கு சிகுயிரே உப்புக்கண்டம் கட்டி லாரிக்காரன் தொரீபியோவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதமும் அதோடுதான் வருகிறது. வழியில் நனையவிட்டால் அவன் காதைத் திருகு.

இந்த வருஷம் சிகுயிரே மந்தையை ஓட்டினதை நீ பார்த்திருக்க வேண்டும். சின்ன முதலாளி ரொதோல்போ கராகஸிலிருந்து சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்துவிட்டார். அதில் ஒருத்தர் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவர். அவர்கள் எழுந்து, குளித்து, காப்பி குடித்துக் கிளம்பவே நேரமாகிவிட்டது. படக்காரர் என்னைப் பார்த்து, "நீங்கதான் இந்தச் சீமையிலயே பெரிய குதிரைக்காரராமே, கொஞ்சம் பறந்து காட்டுங்களேன்" என்றார். உன் தம்பி விடுவானா? கனேலோவை ஒரு தட்டுத் தட்டினேன், புழுதி வானத்துக்கு எழும்பிவிட்டது. சின்ன முதலாளி எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டார். படம் வந்ததும் உனக்கும் ஒன்று அனுப்புகிறேன், கடையில் மாட்டி வை. வியாபாரம் கூடும்.

கறி இந்தத் தடவை கொஞ்சம் நிறம் கூடுதலாகத் தெரியும். புது உப்பு. ஒன்றும் நினைக்காதே.

உன் ஆசியை எதிர்பார்க்கும்,
நிக்கானோர்


மராக்காய்
4 மார்ச் 1973

அன்புள்ள தம்பி நிக்கானோருக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், உன் குதிரையையும் சேர்த்து. அது இல்லாவிட்டால் உன்னை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? என் கால் காலையில் கால் மாதிரியும் மாலையில் தூண் மாதிரியும் இருக்கிறது. நின்றே சமைக்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

மைகுவாலிதா தன் பள்ளிக்கூடச் சிநேகிதியைக் கடைக்குக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் போன வருஷத்து மிச்சச் சிகுயிரே கறியை ஒரு வாய் தின்றுவிட்டு, "ஆன்ட்டி, இது பன்னி சைஸ்ல இருக்கிற எலிதானே? இதைப் போய் மீனுன்னு சொல்லி விரத நாள்ல திங்கிறீங்களே!" என்றாள். "தண்ணியில கெடக்குறது எல்லாம் மீனுதான்டி. சந்தேகமா இருந்தா போப்பாண்டவருக்கு எழுதிக் கேளு" என்றேன். பக்கத்துக் கடை எர்மெலிந்தா மீன் சூப்பைக் கலக்கிக்கொண்டே, "அப்போ என் கடையில இருக்கிறது என்னவாம், மாடா?" என்றாள். அவளுக்கு வாய் நீளம், ஆனால் கை சுத்தம். மார்க்கெட்டில் விடியற்காலையில் கடையைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுகிறவள் அவள் ஒருத்திதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கட்டைப் பிரித்தேன். கறி ஈரல் மாதிரி கறுத்திருக்கிறது. பெருவிரலால் அழுத்தினால் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. உப்பு மேலேயே நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை. ஊறவைத்த தண்ணீரில் ஒரு வாடை. இத்தனை வருஷமாக நீ அனுப்பின கறி ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை.

நீங்கள் விடியுமுன்னே போய், விசிலடித்துக்கொண்டு, மெதுவாக நடக்கவிட்டுத்தானே மேட்டுக்கு ஓட்டுவீர்கள்? மர நிழலில் நிறுத்தி, அதுகளுக்கு மூச்சிரைப்பு தணிந்த பிறகுதானே அடிக்கத் தடியை எடுப்பீர்கள்? இந்த வருஷமும் அப்படித்தானே? அப்படியானால் உப்புதான். உப்புதான் காரணம் என்று ஒரு வரி எழுதிப் போடு, எனக்கு அது போதும். புனித வாரத்துக்குள் பதில் வந்துவிட வேண்டும். கடைக்கு வேறு கறி என்னிடம் இல்லை.

உன் அக்கா,
ஒப்தூலியா


மெரேயால் பண்ணை
22 மார்ச் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்கிறேன். எல்லோரும் சௌக்கியம்.

உப்புதான். ஈர உப்பு. நன்றாக ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி, வெங்காயத்தையும் குடமிளகாயையும் தாராளமாகப் போட்டு உதிர்த்து வதக்கினால் தெரியவே தெரியாது. உன் கைக்கு அது ஒரு வேலையா?

தொரீபியோ அவசரப்படுத்துகிறான், வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

நிக்கானோர்


மராக்காய்
29 ஏப்ரல் 1973

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுத முடியவில்லை.

பெரிய வெள்ளியன்று கடையில் நிற்க இடமில்லை. முதல் தட்டு, வழக்கம்போல, மைகுவாலிதாவின் ஞானத்தகப்பன் கிறிசாந்தோவுக்கு. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று இந்த ஊரிலேயே தங்கிவிட்டாலும் நாக்கு இன்னும் அபூரேயில்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியுமே. "ஒப்தூலியா, இன்னொரு கரண்டி போடு, கஞ்சத்தனம் பண்ணாதே" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் வாடிக்கைக்காரர்கள் பலருக்கு வயிறு சரியில்லை, வீட்டோடு கிடந்து எழுந்துவிட்டார்கள். கிறிசாந்தோவுக்குத்தான் நிற்காமல் போய், நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. வயசாகிவிட்டதே.

நான் கஞ்சி கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தபோது சுகாதார ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்தார். "பெரியவரே, வெள்ளிக்கிழமை எங்க சாப்ட்டீங்க?" என்று கேட்டார். கிறிசாந்தோ என் பக்கம் திரும்பவே இல்லை.

"மார்க்கெட்டுல. எர்மெலிந்தா கடையில. மீன் சூப்பு."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், நிக்கானோர். அவர் போனதும் கிறிசாந்தோ கிசுகிசுத்தார்: "நீ புள்ளயோட இருக்கிறவ. அவளுக்கு என்ன, ஒண்டிக்கட்டை. கடைய மூடினாலும் ஒரு மாசத்துல தெறந்துடுவா. வாய மூடிக்கிட்டு இரு."

அடுத்த நாள் எர்மெலிந்தா கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அவள் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்: "ஏன்டி, நீயே சொல்லு. இத்தனை வருஷத்துல என் மீனு ஒரு தடவையாவது நாறிப் பாத்திருக்கியா?"

"இல்லை" என்றேன். அது ஒன்றைத்தான் சொன்னேன்.

நீ உப்பு என்று எழுதினாய். அதையே நம்பிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தடவை கேட்கிறேன், உப்புதானே?

உன் அக்கா,
ஒப்தூலியா


மெரேயால் பண்ணை
20 மே 1973

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்கிறேன். கிறிசாந்தோ அண்ணன் வீடு திரும்பிவிட்டார் என்று தொரீபியோ சொன்னான். கடவுள் புண்ணியம். அவர் உடம்பு இரும்பு உடம்பு.

நீ வீணாக மனசைப் போட்டு வாட்டிக்கொள்கிறாய். அந்த வெயிலுக்கு மீனும் கெடும்தானே? கிறிசாந்தோ அன்றைக்கு அவளிடமும் ஏதாவது வாங்கிக் குடித்திருக்கலாம், யார் கண்டது? அதிகாரிகள் சோதித்துப் பார்க்காமலா பூட்டுவார்கள்?

இங்கே மழை பிடித்துவிட்டது. ஆறு ஏறுகிறது, தொரீபியோவுக்கு இதுதான் கடைசி நடை. இனி தண்ணீர் வடியும்வரை படகுத் தபால்தான், அதுவும் வந்தால் வந்தது. அதனால் என் கடிதம் தாமதமானால் பயப்படாதே.

சொன்னபடி படம் அனுப்பியிருக்கிறேன். பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்ததாம். சின்ன முதலாளி எனக்குச் சட்டம் போட்டே கொடுத்தார். கனேலோவின் நாலு காலும் தரையில் இல்லை, பார்த்தாயா?

நிக்கானோர்


மராக்காய்
10 ஜூன் 1973

நிக்கானோர்,

படம் வந்தது. அழகான படம். உன் தொப்பி பின்னால் பறக்கிறது, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறாய்.

கனேலோவின் நிழலைப் பார்த்தாயா? அது முன்னாலும் விழவில்லை, பின்னாலும் விழவில்லை. வயிற்றுக்கு நேர் கீழே ஒரு பாய் அளவுக்குக் கிடக்கிறது. நானும் அந்த வெயிலில் பிறந்தவள்தான். அது எந்த நேரம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உச்சிப் பொழுதில், தண்ணீர் இல்லாத மேட்டில், அதுகளைத் துரத்தியிருக்கிறாய்.

சிகுயிரே எல்லாம் வாயைத் திறந்துகொண்டு ஓடுகின்றன. ஓடத் தெரியாத உடம்பு அது. தண்ணீரில் மூழ்கிக் கிடக்கவென்று பிறந்த பிராணி. படத்தின் ஓரத்தில் புழுதிக்குள் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பக்கத்தில் தடியோடு ஒருத்தனும் இல்லை. பின்னே அவற்றை யார் சாய்த்தது?

தானாக விழுந்ததை நம் பண்ணையில் உப்பில் போடுவதில்லை. கழுகுக்கு விடுவதுதான் வழக்கம். வேலைக்காரன் வீட்டு நாய்க்குக்கூடப் போட மாட்டார்கள். பயத்தில் வெந்து செத்த கறியில் உப்பு ஏறாது என்று அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும், உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அங்கே கவிழ்ந்து கிடப்பது எந்தக் கட்டோடு வந்தது? அதை மட்டும் எனக்கு எழுது.

ஆசி இந்தக் கடிதத்தில் இல்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒப்தூலியா


மராக்காய்
26 ஆகஸ்ட் 1973

அன்புள்ள தம்பி நிக்கானோருக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஆற்றில் வெள்ளம் என்று சொல்வாய். படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது, அடுத்த பண்ணையிலிருக்கும் கசில்தா தன் மகளுக்கு மாதம் தவறாமல் எழுதுகிறாள்.

கோபமாக இருந்தேன். கோபத்தில் உன்னைப் பற்றி யோசிப்பது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது அந்த வசதியும் போய்விட்டது.

எர்மெலிந்தா ஊரார் துணி துவைக்கிறாள். ஒரு மாசத்தில் திறப்பாள் என்றார்களே, ஆபீஸில் இழுத்தடிக்கிறார்கள். திறந்தாலும் யார் வருவார்கள்? மார்க்கெட்டில் குழந்தைகள்கூட அவள் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. நேற்று என் கடைக்கு வந்து, "காப்பி இருந்தா ஒரு வாய் குடுடி" என்றாள். கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீ ஒருத்திதான் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுற" என்றாள். நான் திரும்பிக்கொண்டு அந்தக் கிண்ணத்தைக் கழுவினேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டைப் பிரித்த அன்றைக்கே எனக்குத் தெரியும். விரல் வைத்தவுடன் தெரிந்துவிட்டது. உப்பா என்று உன்னிடம் கேட்டேனே, தெரிந்துகொள்ளவா கேட்டேன்? நீ ஆமாம் என்று எழுதுவாய் என்று தெரிந்து கேட்டேன். அந்த ஒரு வரி எனக்குத் தேவைப்பட்டது. அது வந்ததும், ஊறவைத்தேன், மூன்று தண்ணீர் மாற்றினேன், வாடை போகவில்லை, வெங்காயத்தை அள்ளிக் கொட்டினேன். புனித வாரத்தில் கடையை மூடி வைக்க எனக்கு மனசு வரவில்லை. மைகுவாலிதா அன்றைக்குத் தட்டை நீட்டியபோது, "உனக்கு முட்டை பொரிச்சுத் தர்றேன், இரு" என்று சொல்லித் தட்டை வாங்கி வைத்துவிட்டேன்.

என் மகளுக்குக் கொடுக்கவில்லை, நிக்கானோர். கிறிசாந்தோவுக்கு இன்னொரு கரண்டி போட்டேன்.

ஆகவே உனக்கு ஆசி மறுக்க நான் யார்? கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். எழுது.

உன் அக்கா,
ஒப்தூலியா


மெரேயால் பண்ணை
4 நவம்பர் 1973

அக்கா,

ஆசி கேட்க வாய் வரவில்லை. உன் இரண்டு கடிதமும் வந்தன. வெள்ளம் காரணமில்லை. எடுத்து எடுத்துப் படித்துவிட்டு உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

விருந்தாளிகள் தயாரானபோது வெயில் ஏறிவிட்டது. நாளைக்குக் காலையில் ஓட்டலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சின்ன முதலாளி கேட்டிருப்பார், நல்ல மனுஷன்தான், அவருக்குத் தெரியாது, அவ்வளவே. எனக்குத் தெரியும். ஆனால் கழுத்தில் கேமராவோடு ஒருத்தர் என்னைப் பார்த்து "பெரிய குதிரைக்காரர்" என்று சொல்லிவிட்டாரே. இந்த நாற்பது வயசு வரைக்கும் என்னை யார் படம் எடுத்திருக்கிறார்கள்?

ஒரு தடவை ஓட்டினேன். "புழுதி மறைச்சிடுச்சு, இன்னொரு தடவை" என்றார். திருப்பி ஓட்டினேன். அதுகள் தண்ணீர்ப் பக்கம் ஓடத்தான் பார்த்தன, நான் மறித்துக்கொண்டேன். மறுபடியும் கேட்டார். எங்களோடு இருக்கும் கிழவன் எலெயுத்தேரியோ கிட்டே வந்து, "போதும்டா நிக்கானோர், கறி கெட்டுப் போவும்" என்றான். நான் சிரித்தேன். "கறி எங்க ஓடுது, நாமதானே ஓடுறோம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேலி பண்ணினேன். விருந்தாளிகளும் சிரித்தார்கள். அதற்கப்புறம் எலெயுத்தேரியோ என்னிடம் பேசவில்லை. இன்றைக்கும் பேசுவதில்லை.

அதுகள் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் போடும், உனக்குத் தெரியும். குட்டியைக் கூப்பிடுகிற சத்தம். அந்த மேடு முழுக்க அதே சத்தம். பிறகு ஒன்றொன்றாய்க் கால் மடங்கி உட்கார்ந்தன. வாயில் நுரை. தடியை எடுத்தவர்களுக்குப் பாதி வேலைதான் மிச்சம். விருந்தாளிகளில் ஒரு அம்மா, "ஐயோ, இதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "களைப்பு, தூங்குதுங்க" என்றேன்.

எல்லாவற்றையும் உப்பில் போட்டோம். உப்புக்கண்டம் வாங்கும் வியாபாரியின் ஆள் வந்து ஒவ்வொரு துண்டாக மடக்கிப் பார்த்து, முகர்ந்து, கறுத்ததை எல்லாம் காலால் ஒதுக்கித் தள்ளினான். அவன் தள்ளினதிலிருந்து பார்வைக்கு நல்லதாகப் பொறுக்கி உனக்குக் கட்டினேன். நல்லதில் ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால், படம் எடுத்த நாளில் எவ்வளவு பாழாயிற்று என்று பேச்சு வரும். அது வேண்டாம் என்று நினைத்தேன்.

வேறு யாருக்கு அனுப்பியிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நீ திருப்பி அனுப்ப மாட்டாய் என்று தெரிந்துதான் உனக்கு அனுப்பினேன். நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கவிழ்ந்து கிடப்பது உன் கட்டோடுதான் வந்தது.

எர்மெலிந்தா அம்மாளிடம் என் பெயரைச் சொல். ஆபீஸிலும் சொல்.

நிக்கானோர்


மராக்காய்
2 டிசம்பர் 1973

அன்புள்ள தம்பி நிக்கானோருக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை சுகாதார ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த இளைஞன் முதலில் புரியாமல் முழித்தான். "ஏம்மா, அந்தக் கேஸ் எப்பவோ முடிஞ்சு போச்சே. இப்ப வந்து ஏன் சொல்றீங்க?" என்றான். "உங்களுக்கு முடிஞ்சிடுச்சு தம்பி, எனக்கு முடியல" என்றேன். கறியை என் தம்பி அனுப்பினான், ஆனால் விரல் வைத்துப் பார்த்ததும் நான், சமைத்ததும் நான் என்று சொன்னேன். எழுதிக்கொண்டான். சாயங்காலமே என் கடைக்குச் சீல் வைத்தார்கள். அவள் கடையைத் திறந்துவிட்டார்கள்.

கிறிசாந்தோ வாசலில் நின்று கத்தினார்: "நான் சாவக் கெடந்தப்பவும் உன்னைக் காட்டிக் குடுக்கல. நீயே போய் என்னைப் பொய்யனாக்கிட்டியேடி!" அவர் சொன்னதும் நியாயம்தான். மைகுவாலிதாவின் பிறந்தநாளுக்கு இந்த வருஷம் அவர் வரவில்லை. மைகுவாலிதா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அம்மா, அன்னைக்கு எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தியே, அது அதனாலயா?" ஆமாம் என்று சொன்னேன்.

எர்மெலிந்தாவிடம் நானே போனேன். அவள் கத்துவாள், மார்க்கெட் கூடும், கூடட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவள் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"கிறிசாந்தோ ஆபீஸர்கிட்ட என் பேரைச் சொன்னப்ப நீ எங்க இருந்த?"

"கட்டில் பக்கத்துல."

"கையில என்ன வெச்சிருந்த?"

"கஞ்சிக் கிண்ணம்."

"அப்புறம் என்னை உன்கிட்ட காப்பி வாங்கிக் குடிக்க விட்டியே, அதுக்கு என்னடி பேரு?"

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "சரி, போ" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கால் பரவாயில்லை. இப்போது நிற்கிற வேலை இல்லையே.

உன் அக்கா,
ஒப்தூலியா


மெரேயால் பண்ணை
3 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி கேட்கிறேன், கொடுக்க உனக்கு மனமிருந்தால். எல்லோரும் நலம். மைகுவாலிதாவுக்கு என் அன்பைச் சொல், என்னைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று எழுத வேண்டாம்.

சின்ன முதலாளி இந்த வருஷமும் வந்தார், வேறு சிநேகிதர்கள். சாப்பாடு முடித்துக்கொண்டு, "எங்கே நம்ம நிக்கானோர், போன வருஷம் மாதிரி ஒண்ணு ஆகட்டும்" என்றார். வெயில் அப்போது உச்சந்தலையில். நான் இறங்கினேன். கனேலோவின் சேணத்தை அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

"என்னய்யா இது?" என்றார்.

"காலையில ஓட்டலாங்க. இப்ப ஓட்டினா செத்துப் போவும்."

"சாகத்தானே ஓட்டுறோம்?" என்று ஒரு விருந்தாளி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷம் நான் சிரிக்க வைத்த மாதிரியே. எனக்குக் காது எரிந்தது.

மறுநாள் விடியலில் நான் ஓட்டினேன். விசிலடித்துக்கொண்டு, நடையில். நிழலில் நிறுத்தினோம். அதுகள் படுத்து, அசைபோட்டு, ஒன்றன் மேல் ஒன்று தலை வைத்துக்கொண்டன. எலெயுத்தேரியோ என் பக்கத்தில் நின்றான், பேசவில்லை, ஆனால் நின்றான். பிறகு தடியை எடுத்தோம். அது சுலபமாக இருந்தது என்று எழுதினால் பொய். பயமில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பிராணியை அடித்தேன். ஓடினதை அடிக்கும்போது இவ்வளவு தெரியவில்லை.

விருந்தாளிகள் முன்னால் தலைகுனிவு ஆயிற்றென்று என்னை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது உப்புக் கொட்டகையில் இருக்கிறேன். கனேலோ வேறொருவனிடம். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன், அங்கேயே இருக்கட்டும்.

இரண்டு கட்டு அனுப்பியிருக்கிறேன். உனக்குக் கடை இல்லை என்று தெரியும். எர்மெலிந்தா அம்மாளுக்கு வேண்டுமானால் கொடு, வேண்டாம் என்றால் தூக்கிப் போடு. எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்காதே. என் வாய்க்கு இனி மதிப்பில்லை, விரல் வைத்துப் பார்.

நிக்கானோர்


மராக்காய்
14 ஏப்ரல் 1974, உயிர்ப்பு ஞாயிறு

அன்புள்ள தம்பி நிக்கானோருக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், காத்து நடத்தட்டும்.

இரண்டு கட்டையும் பிரிக்காமல் எர்மெலிந்தாவிடம் கொண்டுபோனேன். உன் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். "உன் தம்பிக்கு அறிவு வர ஒரு வருஷம் ஆச்சா?" என்றாள். அதற்கப்புறம், "புனித வாரத்துக்கு எனக்கு ஒரு கை வேணும். வாழைக்காய் உரிக்க, பாத்திரம் கழுவ. அடுப்புப் பக்கம் வரக்கூடாது" என்றாள். சரி என்றேன். ஒரு வாரமாக அங்கேதான் உரிக்கிறேன், கழுவுகிறேன்.

பெரிய வெள்ளியன்று கிறிசாந்தோ வந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார். எர்மெலிந்தா உன் கறியை உதிர்த்துத் தட்டில் வைத்து எடுத்துப்போனாள். அதைப் பார்த்தார், வாசனை பிடித்தார், கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு மீன் சூப்பு குடு" என்றார். அவள் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, கடை கேட்கிற சத்தத்தில், "நல்லாருக்கு எர்மெலிந்தா, எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கறி நல்ல கறி. சிவப்பாக இருந்தது, உப்பு நடுவரைக்கும் இறங்கியிருந்தது. இதை நான் சொல்லக்கூடாது, அவள் சொன்னாள், நான் எழுதுகிறேன். ஒவ்வொரு நாள் காலையிலும் ஒவ்வொரு துண்டாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். முந்தின நாள் பார்த்த கட்டிலிருந்து எடுத்ததானாலும் மறுபடியும் பார்க்கிறாள். அப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் கடைசித் துண்டை வைக்கும்வரை நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன்.

உன் அக்கா,
ஒப்தூலியா